இலை உடுத்தியவர் யாரும் எங்கள் மலையில் இல்லை

நீலகிரியில் நடக்கும் கதை என்று ஒரு படத்தின் முன்னோட்டம் வெளியானால் போதும், எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. ‘கலெக்டரிடம் மனு கொடுப்போம், படத்துக்குத் தடை கேட்போம்’ என்று ஒரு கூட்டம் கொதிக்கிறது. ‘சினிமாவைச் சினிமாவாகப் பாருங்கள்’ என்று இன்னொரு கூட்டம் சலித்துக்கொள்கிறது. கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில் பிறந்து, இப்போது குன்னூரில் வசிக்கும் படகர் குடும்பத்து ஆள் நான். எனக்கு இரண்டு தரப்போடும் ஒத்துப்போகவில்லை. முதல் தரப்பு கோபப்படத் தேவையில்லாத இடத்தில் கோபப்படுகிறது. இரண்டாவது தரப்பு கோபப்பட்டே ஆக வேண்டிய இடத்திலும் சும்மா இருக்கச் சொல்கிறது.

சினிமாவில் ஊட்டிக்காரர் என்றால் மே மாதத்திலும் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கையில் லாந்தர் விளக்கு. பாழடைந்த பங்களாவின் வாட்ச்மேன் என்றால், ‘அந்த அறைக்கு மட்டும் போகாதீர்கள் ஐயா’ என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வசனமே கிடையாது. எல்லோர் வாயிலிருந்தும் புகை வரும். எல்லா வீட்டிலும் கணப்பு எரியும். சமவெளியில் வேலைக்குப் போனால், ‘உனக்கு என்ன, ஊரே ஏ.சி.’ என்பார்கள். கோத்தகிரி என்று சொன்னால், ‘சாய் பல்லவி ஊரா!’ என்று முகம் மலரும். இதற்கெல்லாம் மனம் புண்பட வேண்டுமா? வேண்டாம். யாருடைய கூலியும் இதனால் குறையவில்லை, யாருக்கும் பள்ளியில் இடம் மறுக்கப்படவில்லை. பேய் பங்களா படம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியை ஒரு கிலோ விற்று அனுப்பலாம், அவ்வளவுதான்.

இந்தப் பிம்பம் எப்படி உருவானது என்பதை யோசித்தால் கோபம் இன்னும் கொஞ்சம் தணியும். சினிமா எங்கள் மலைக்குக் கதை தேடி வரவில்லை, பாட்டுக்கு இடம் தேடி வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் வந்த ரயில் 1908-இல் ஊட்டியைத் தொட்டது. பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மலையேறும் அந்த வண்டி எந்தக் கேமராவுக்கும் அழகாகத்தான் தெரியும். காஷ்மீருக்கும் வெளிநாட்டுக்கும் போகப் பணம் இல்லாத தயாரிப்பாளருக்கு எங்கள் புல்வெளி கைகொடுத்தது. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் உள்ள வென்லாக் டவுன்ஸ் புல்வெளியின் ஒரு பகுதியை இன்று எல்லோரும் ‘சூட்டிங் மட்டம்’ என்றுதான் சொல்கிறோம். பஸ் நிறுத்தத்துக்கும் அதே பெயர்தான்.

பாட்டில் ஊர்க்காரருக்கு வேலை இல்லை. நாயகனும் நாயகியும் மலைகளுக்கு நடுவில் தனியாக இருந்தால்தான் அது பாட்டு. அதனால் படப்பிடிப்பு நடக்கும்போது நம்மை ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள். தோடர்களின் எருமைகள் பல தலைமுறைகளாக மேய்ந்து வரும் புல்வெளி அது. அங்கே ஒரு முதியவர் தன் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தால், ‘ஷாட் போகிறது, ஓரமாகப் போங்கள்’ என்று ஒரு பையன் ஓடிவந்து கை வீசுகிறான். இந்தக் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் கெட்டவன் இல்லை, தன் வேலையைச் செய்கிறான். ஆனால் இத்தனை ஆண்டுகளாக இப்படி ஒதுக்கி ஒதுக்கி எடுத்த படங்களைப் பார்த்து வளர்ந்த தமிழ்நாடு, எங்கள் மலையில் ஆளே இல்லை என்று நம்பிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தோம். காதலர்களுக்காகக் காலியாகக் கிடக்கும் இடம் என்று நினைத்து வந்தவர்களின் வண்டிகள் குவிந்து குவிந்து, 2025 கோடையில் வார நாளுக்கு 6,000, வார இறுதி நாளுக்கு 8,000 என்று சென்னை உயர் நீதிமன்றமே வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. பாட்டில் ஆடிய இரண்டு பேருக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் பேர் வந்துவிட்டார்கள் பாருங்கள்! அவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடும் தைல மரக் காடும் மனிதர்கள் நட்டவை. இந்த மலையின் சொந்தக் காடு சோலையும் புல்வெளியும்தான். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

தேயிலைக்கு வருகிறேன். சினிமாவில் எஸ்டேட் என்றால் ஒரு முதலாளி, ஒரு ஜீப், ஒரு துப்பாக்கி, பின்னணியில் வரிசையாக நின்று சிரிக்கும் கொழுந்து பறிக்கும் பெண்கள். பெரிய எஸ்டேட்டுகள் உண்டுதான். ஆனால் எங்கள் ஹட்டிகளில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு பச்சைத் தேயிலையைப் பறித்து பேக்டரிக்கு அனுப்பி, கிலோவுக்கு இந்த மாதம் என்ன விலை போடுவார்கள் என்று காத்திருக்கும் சிறு விவசாயிகளே அதிகம். விலை கட்டவில்லை என்று 2023-இல் இவர்கள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நான் திரையில் பார்த்ததில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் பலர் 1964 சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களின் மகள்களும் பேத்திகளும். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசே தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் இன்றைய டேன்டீ. பிறந்த நாட்டில் இந்தியர்கள், வந்த நாட்டில் சிலோன்காரர்கள் என்று இரண்டு இடத்திலும் அந்நியராக நின்ற மனிதர்களின் வாழ்க்கையில் எத்தனை கதைகள் இருக்கும்! சினிமாவோ அவர்கள் கையில் கூடையைக் கொடுத்து, நாயகியின் பின்னால் இடுப்பை அசைக்கச் சொன்னது. இப்போது பல தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் பறிக்கிறார்கள். அடுத்த படத்தில் கூடை அவர்கள் கைக்குப் போகும்போலிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் வருத்தம்தான். இனிச் சொல்லப்போவதில்தான் எனக்குக் கோபம்.

பழங்குடியினர் என்றால் சினிமாவில் இலை தழை, இறகு, முகத்தில் சுண்ணாம்புக் கோடு, கையில் ஈட்டி. பேச்சு என்ற பெயரில் எந்த மொழியிலும் இல்லாத உளறல். வெளியூர் நாயகனைக் கட்டி வைத்து, சுற்றி நின்று ஆடுவார்கள். நகைச்சுவை நடிகர் நரபலிக்குத் தப்பி ஓடுவார். சரி, யாரைப் பார்த்து இந்த உடை தைக்கப்பட்டது? மத்திய அரசு மிகவும் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள் என்று வகைப்படுத்திய ஆறு சமூகங்கள் தமிழ்நாட்டில் உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேரும் நீலகிரியில் இருக்கிறார்கள். இவர்களில் யார் இலை உடுத்தினார்கள்? தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளியில், வெள்ளைப் பருத்தித் துணியின் மேல் சிவப்பும் கறுப்புமாக நூலை எண்ணி எண்ணிப் பெண்கள் பூவேலை போடுவார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோத்தர்கள் இரும்படிப்பவர்கள், தச்சர்கள், இசைக் கலைஞர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் வனையும் மண்பானையில்தான் இந்த மலை ஒரு காலத்தில் சமைத்தது. இத்தனை நுட்பமான கைகள் உள்ளவர்களுக்குச் சினிமா கொடுத்தது ஒரு ஈட்டியும் ஒரு உளறலும்.

மந்திரவாதி வேடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காட்டுக்குள் வாழ்பவர் செய்வினை வைப்பார், பார்வையாலேயே ஆளை வீழ்த்துவார் என்பது திரையில் பழகிப்போன பாத்திரம். எங்கள் மலையில் அந்த நம்பிக்கைக்கு உயிர்ப் பலி இருக்கிறது. ஊரில் நோய் பரவினாலும் மாடு செத்தாலும் குறும்பர் செய்த சூனியம் என்று சொல்லி, அவர்களைக் கூட்டமாகக் கொன்றிருக்கிறார்கள். 1835-இல் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டதாக ஆங்கிலேயர் காலத்து ஆவணங்கள் சொல்கின்றன. 1875-இலும் 1882-இலும் மறுபடி நடந்திருக்கிறது. கொன்றவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை. மலையின் மற்றச் சமூகங்கள்தான், எங்கள் படகர்களும் அதில் உண்டு. எங்கள் பெரியவர்கள் இதைப் பேச விரும்ப மாட்டார்கள். பேசத்தான் வேண்டும். ஒரு சமூகத்தின் மீது சூனியக்காரர் என்ற முகமூடியை மாட்டினால் என்ன நடக்கும் என்பதை வேறு எங்கும் போய்ப் படிக்க வேண்டியதில்லை, இந்தச் சரிவுகளிலேயே நடந்திருக்கிறது. அந்த முகமூடியை இயக்குநர் ஒருவர் மறுபடி எடுத்து மாட்டும்போது, ‘கற்பனைதானே’ என்று என்னால் நகர முடியவில்லை.

இன்று யாரும் ஈட்டியோடு கொல்ல வருவதில்லை. வேறு விதமாக நடக்கிறது. கூடலூர்ப் பக்கத்துப் பணியர் பெண் ஒருத்தி சமவெளியில் செவிலியர் படிப்புக்குச் சேர்ந்தாள். விடுதியில் முதல் வாரமே உடன் படிப்பவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, ‘உங்கள் பாஷையில் பேசிக் காட்டு’ என்றார்களாம். அவள் தன் வீட்டில் பேசுவதைப் பேசினாள். ‘இது இல்லை, படத்தில் வருமே அது’ என்று அவர்களே அந்த உளறலைச் செய்து காட்டிச் சிரித்திருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்தபோது என் மனைவியிடம் இதைச் சொல்லிவிட்டு, ‘அக்கா, இனி யாராவது கேட்டால் கூடலூர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், வேறு எதுவும் சொல்லப் போவதில்லை’ என்றாள். அந்தப் பிள்ளைகள் எந்தப் பழங்குடியையும் அதற்கு முன் நேரில் கண்டதில்லை. அவர்களுக்குப் பாடம் எடுத்தது சினிமா மட்டும்தான். இதே கூடலூரில் ஆதிவாசி மக்களுக்காகவே ஒரு மருத்துவமனை பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆதிவாசிப் பெண்களே அங்கே செவிலியர்களாகப் பயிற்சி பெற்று வேலை பார்க்கிறார்கள். அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

‘மதுரைக்காரர் கையில் அரிவாள் கொடுக்கிறார்கள், வடசென்னைக்காரரை ரவுடி ஆக்குகிறார்கள், கோவைக்காரரை ங்க போட்டுப் பேச வைக்கிறார்கள். அவர்கள் எல்லாம் சிரித்துவிட்டுப் போகவில்லையா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். அவர்களும் எப்போதும் சிரிப்பதில்லை. வடசென்னைக்காரர்களுக்கு அந்த ரவுடி முத்திரையால் வேலையும் வாடகை வீடும் மறுக்கப்பட்ட கதைகள் உண்டு. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மதுரையிலிருந்து இயக்குநர்கள் வந்தார்கள், எழுத்தாளர்கள் வந்தார்கள், நடிகர்கள் வந்தார்கள். அரிவாள் படம் ஒன்று வந்தால், அந்த ஊரின் சந்தையையும் திருவிழாவையும் காதலையும் காட்டும் இன்னொரு படமும் வருகிறது. ஒரு பொய்க்கு ஊரே எழுந்து பதில் சொல்ல முடிகிறது. தோடர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில்தான். அவர்கள் எந்தத் திரையில் பதில் சொல்வார்கள்? பணியர் வீட்டுப் பெண்ணின் மறுப்பு எந்தத் தியேட்டரில் ஓடும்? எங்கள் படகர்களுக்காவது பள்ளி, கல்லூரி, அரசு வேலை, சங்கம், அரசியல் என்று குரல் இருக்கிறது. சில படங்களைக்கூட எங்கள் மொழியில் எடுத்துவிட்டோம். எங்களைப் பற்றித் தப்பாகக் காட்டினால் நாங்கள் பார்த்துக்கொள்வோம். மனம் புண்படலாமா வேண்டாமா என்பதை, பதில் சொல்ல வாய் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன். குரங்குக் குல்லாவுக்கு மனு எழுதும் நம் ஆட்கள், இலைப் பாவாடைக்கு ஒரு வரி எழுதியதை நான் இதுவரை பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அவமானப்படும்போது நாம் ஏன் எழுந்து நிற்கவில்லை?

சினிமாவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், ‘அண்ணா, கதைக்கு ஒரு பயம் வேண்டும், அதற்குத்தான் அந்தக் காட்டுக் கூட்டம்’ என்று வாதாடினான். பயம் வேண்டுமானால் பெயரில்லாத ஒரு தீவைக் கற்பனை செய்துகொள், பெயரில்லாத ஒரு கூட்டத்தை அங்கே குடிவை. மசினகுடி என்று ஊர்ப்பெயர் போட்டு, இருளர் என்று சமூகப் பெயர் சொல்லி, பிறகு கற்பனை என்று எழுத்துப் போடாதே என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

தடை கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தடை கேட்டால் அந்தப் படத்துக்கு இலவச விளம்பரம், நமக்குக் கலகக்காரர் என்ற பட்டம். நல்ல படம் எடுக்க முடியாது என்பதும் இல்லை. முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாமில் யானைக்குட்டிகளை வளர்த்த பழங்குடித் தம்பதி பொம்மன், பெள்ளி இருவரின் வாழ்க்கையை ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ என்று 2022-இல் ஆவணப்படமாக எடுத்தார்கள், 2023-இல் ஆஸ்கர் கிடைத்தது. இயக்கியவர் கார்த்திகி கோன்சால்வஸ், ஊட்டியில் வளர்ந்தவர். அதில் பெள்ளி தன் வீட்டு முற்றத்தில் தன் உடையில் தன் பேச்சில் இருக்கிறார். அழுகிறார், சிரிக்கிறார், குட்டியைத் திட்டுகிறார். உலகம் உட்கார்ந்து பார்த்தது. யாருக்கும் ஈட்டி தேவைப்படவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த உதவி இயக்குநர்கள் யாராவது நீலகிரியில் கதை வைத்திருந்தால் இங்கே என்னை டேக் செய்யுங்கள், அல்லது உள்பெட்டியில் சொல்லுங்கள். முத்தொரை பாலாடாவில் பழங்குடியினர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே அருங்காட்சியகமும் உண்டு. முதல் நாள் அங்கே போவோம். மறுநாள் சூட்டிங் மட்டத்துக்கு அல்ல, அதைத் தாண்டி தோடர்கள் வாழும் ஒரு மந்துக்கோ, கோத்தர் ஊருக்கோ, கூடலூர்ப் பக்கம் பணியர்கள் வாழும் ஒரு பாடிக்கோ, அங்குள்ளவர்கள் சம்மதித்தால் மட்டும் போவோம். வண்டி நான் ஏற்பாடு செய்கிறேன். சம்பளம் கொடுத்து ஆலோசகராக வைத்துக்கொள்ள வேண்டிய ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள், அவர்களையும் கேட்டு அறிமுகப்படுத்துகிறேன். மே மாதம் மட்டும் வேண்டாம், சாலையில் நகர முடியாது.