சீன நாட்காட்டியில் சூரியனுக்கும் பாதிப் பங்கு உண்டு

சீனப் புத்தாண்டு நெருங்கும்போதெல்லாம் நம் தமிழ் இதழ்களிலும் முகநூல் பதிவுகளிலும் ஒரே விளக்கம் தவறாமல் வந்துவிடுகிறது: சீனர்கள் சந்திர நாட்காட்டியைப் பின்பற்றுகிறவர்கள், ஆகவே அவர்களுடைய புத்தாண்டு ஆண்டுக்கு ஒரு தேதியில் வருகிறது. அதற்குமேல் யாரும் போவதில்லை. இது எந்த விலங்கின் ஆண்டு, யாருக்கு என்ன பலன் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. பினாங்கில் சீனக் குடும்பங்களுக்கு நடுவிலேயே வாழ்ந்து வருகிறவன் என்ற முறையில், இந்த அரைகுறை விளக்கம் எனக்கு நெடுநாளாகவே உறுத்தலாக இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் செதுக்கப்பட்ட ஒரு கணக்கின் பாதியை அது அப்படியே மறைத்துவிடுகிறது.

சந்திரனை மட்டும் பார்த்து நடக்கும் நாட்காட்டி எப்படி இருக்கும் என்பதை நாம் ஹிஜ்ரி நாட்காட்டியில் பார்க்கிறோம். நோன்புப் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. சீனப் புத்தாண்டு அப்படி அலைவதில்லை. 2023இல் ஜனவரி 22, 2024இல் பிப்ரவரி 10, 2025இல் ஜனவரி 29, 2026இல் பிப்ரவரி 17 என்று முன்னும் பின்னும் ஆடுகிறதே தவிர, ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி 20, 21க்கும் இடைப்பட்ட எல்லையை அது தாண்டுவதே இல்லை. அதை அந்த எல்லைக்குள் கட்டிவைத்திருப்பது சூரியன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி இருக்கிறார். நான் ஆன்ட்டி என்றுதான் அழைப்பேன். எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான். அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் தினமும் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர் தொங்கும். நடுவில் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி, அதன் கீழே சிறிய சீன எழுத்துகளில் அவர்களுடைய மாதமும் நாளும் இருக்கும். அவருடைய தாயார் இறந்தது ஆறாம் மாதம் எட்டாம் நாள். 2025இல் அந்த நாள் இரண்டு முறை வந்தது: ஜூலை 2ஆம் தேதி ஒரு முறை, ஆகஸ்ட் 1ஆம் தேதி மறுமுறை. எதில் படையல் வைப்பீர்கள் என்று கேட்டேன். முதலாவதுதான் உண்மையான ஆறாம் மாதம், மற்றது கூடுதலாக வந்தது என்று சொல்லிவிட்டு, காலண்டரின் தாள்களைப் புரட்டி, அந்தக் கூடுதல் மாதத்தைக் குறிக்கும் எழுத்தில் விரலை வைத்துக் காட்டினார். மாண்டரினில் அதை 'ருன்' என்கிறார்கள். ஒரு வாசல், அந்த வாசலுக்குள் அரசனைக் குறிக்கும் எழுத்து. கூடுதல் மாதம் வந்தால் அரசன் அந்த மாதம் முழுவதும் வாசலிலேயே தங்கியிருப்பான் என்று பழைய சீன அகராதி அந்த எழுத்துக்கு விளக்கம் சொல்கிறது.

அந்த மாதம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால் இந்த நாட்காட்டியே புரிந்த மாதிரி. சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் சேரும் அமாவாசை எந்த நாளில் நிகழ்கிறதோ, அந்த நாளே மாதத்தின் முதல் நாள். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 29.53 நாள் ஆவதால், மாதத்துக்கு 29 நாளோ 30 நாளோ இருக்கும். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். சூரிய ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் குறைகிறது. இந்தக் குறை ஒரு மாத அளவுக்குச் சேர்ந்ததும் ஒரு மாதத்தைக் கூட்ட வேண்டும். 19 ஆண்டுகளில் ஏழு முறை கூட்டினால் கணக்கு ஏறத்தாழ நேராகிவிடும். இதுவரை பாபிலோனியர்களும் அறிந்த கணக்குதான். எந்த இடத்தில் கூட்டுவது என்பதற்குச் சீனர்கள் வகுத்த விதியைத்தான் நான் வியந்து வியந்து பார்க்கிறேன்.

சூரியன் ஓராண்டில் கடக்கும் வட்டப் பாதையை 15 பாகை வீதம் 24 கூறுகளாக அவர்கள் பிரித்தார்கள். 'பூச்சிகள் விழிப்பு', 'தானிய மழை', 'வெண்பனித்துளி', 'பெருங்குளிர்' என்று ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் ஆற்றுப் பகுதி உழவனின் ஆண்டிலிருந்து எடுத்த பெயர் உண்டு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்க் காலண்டரிலும் ஜனவரி மாதத்தில் 'பெருங்குளிர்' என்று அச்சாகியிருக்கும். இந்தக் கூறுகளுக்கும் சந்திரனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி சீனர்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து முன்னோருக்குப் படைக்கும் நாளை இங்கே ஹொக்கியன் மொழியில் 'செங் பெங்' என்கிறார்கள். அது இந்த 24இல் ஒன்று. சந்திர நாட்காட்டி என்று சொல்லி முடித்துவிடுகிறவர்களால் அந்த நாள் மட்டும் ஏன் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே தேதியில் நிற்கிறது என்று சொல்ல முடியாது.

இந்த 24இல் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பன்னிரண்டு கூறுகள் முதன்மையானவை. சாதாரணமாக ஒரு சந்திர மாதத்துக்குள் அவற்றில் ஒன்றின் தொடக்கம் விழும். ஆனால் இரண்டு முதன்மைக் கூறுகளுக்கு இடையே சராசரியாக 30.44 நாள் இருப்பதால், என்றாவது ஒரு மாதம் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, எதுவும் இல்லாமல் வெறுமையாகப் போய்விடும். அதுவே கூடுதல் மாதம். அதற்குத் தனி எண் கிடையாது, முந்தைய மாதத்தின் எண்ணையே அது தாங்கிக்கொள்ளும். இந்த விதி கி.மு. 104இல் ஹான் பேரரசர் வூ காலத்தில் வந்த தாய்ச்சு நாட்காட்டியில் ஏறியது.

2025ஐயே எடுத்துக்கொள்வோம். ஜூலை 22 அன்றே 'பெருவெப்பம்' என்ற முதன்மைக் கூறு தொடங்கிவிட்டது. ஜூலை 25 அன்று அமாவாசை, புது மாதம் பிறந்தது. அடுத்த முதன்மைக் கூறான 'வெப்பத் தணிவு' ஆகஸ்ட் 23 அதிகாலை 4.34 மணிக்கு, அடுத்த அமாவாசை அதே நாள் பிற்பகல் 2.06 மணிக்கு. மணிக்கணக்கில் பார்த்தால் கூறு முந்தி, அமாவாசை பிந்தி. ஆனால் சீனக் கணக்கு நாளைத்தான் பார்க்கிறது. அமாவாசை நிகழும் நாள் முழுவதும் புது மாதத்துக்கே சொந்தம்; ஆகவே அதிகாலையில் வந்த கூறும் புது மாதத்துக்குப் போய்விட்டது. ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 22 வரையிலான மாதம் வெறுமையாக நின்றது. ஆன்ட்டியின் தாயாருக்கு இரண்டாம் திதி நாள் வந்தது இப்படித்தான்.

இது நமக்கு அந்நியமான சிந்தனையும் அல்ல. சங்கராந்தி, அதாவது சூரியன் ராசி மாறும் நேரம், விழாத சந்திர மாதத்தைத் தெலுங்கரும் கன்னடரும் அதிக மாதம் என்று கழிக்கிறார்கள். தமிழர்களாகிய நாம் மாதத்தைச் சூரியனைக் கொண்டு எண்ணுவதால், அதே நிகழ்வை மறுபக்கத்திலிருந்து பார்த்து, ஒரே மாதத்தில் இரண்டு அமாவாசை வந்தால் மலமாதம் என்கிறோம். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துச் சூரியனின் இடத்தை அளக்கிறது. சீனர்கள் பருவத்தை வைத்து அளக்கிறார்கள். அதனால் இரு தரப்பிலும் கூடுதல் மாதம் ஒரே சமயத்தில் வருவதில்லை: 2023இல் சீனர்களுக்கு அது மார்ச் 22இல் தொடங்கியது, இந்தியாவில் ஜூலை 18இல்.

எல்லாவற்றுக்கும் நங்கூரமாக இருப்பது, வட அரைக்கோளத்தில் பகல் மிகக் குறுகும் டிசம்பர் மாதச் சூரியத் திருப்பம். அந்த நாள் பதினோராம் மாதத்துக்குள்ளேயே விழ வேண்டும் என்பது மீறக்கூடாத விதி. இதில் சில நிமிடங்கள் பிசகினாலும் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் சாட்சி. அவர்களுடைய கணக்கும் இதே விதிகளில்தான் ஓடுகிறது. நேரம் மட்டும் பெய்ஜிங்கைவிட ஒரு மணி நேரம் குறைவு. 1984இல் சூரியத் திருப்பம் பெய்ஜிங் நேரப்படி டிசம்பர் 22, நள்ளிரவு தாண்டி 23 நிமிடத்தில் நிகழ்ந்தது. ஹனோயில் அப்போது இன்னும் டிசம்பர் 21தான். 22ஆம் தேதியே அமாவாசை நாள் என்பதால், சீனாவில் அன்று பதினோராம் மாதம் தொடங்கியது. வியட்நாமில் அன்று பதினோராம் மாதம் முடிந்தே போயிருந்தது. விளைவு, 1985இல் வியட்நாமியப் புத்தாண்டு ஜனவரி 21, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 20. ஒரு மணி நேர வித்தியாசம் ஒரு முழு மாதமாக வளர்ந்துவிட்டது.

இந்தக் கணக்குக்காக உயிர்களும் போயிருக்கின்றன. பூமி சூரியனைச் சீரான வேகத்தில் சுற்றுவதில்லை. ஜனவரியில் விரைவாகவும் ஜூலையில் மெதுவாகவும் செல்கிறது. பழைய சீனக் கணக்கு ஆண்டைச் சம நாள்களாகவே 24 ஆக வெட்டியது. 1645இல், சிங் அரச மரபின் தொடக்கத்தில், ஜெர்மானியப் பாதிரியார் ஆடம் ஷால் சூரியனின் உண்மையான இடத்தையே கணக்கில் கொண்டுவந்தார். அதை எதிர்த்த யாங் குவாங்சியென் அரசவையில் வழக்குத் தொடுத்தார், ஷால் சிறைப்பட்டார், 1665இல் அவருடன் பணியாற்றிய சீன வானியலாளர்கள் ஐவர் கொல்லப்பட்டார்கள், பழைய முறையே திரும்பியது. மூன்றாண்டுகள் கழித்து, இளைஞரான காங்சி பேரரசர் இரு தரப்பையும் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். நடுப்பகலில் ஒரு கோலின் நிழல் எவ்வளவு நீளும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். ஷாலின் வழிவந்த ஃபெர்டினாண்ட் வெர்பீஸ்ட் சொன்ன அளவில் நிழல் விழுந்தது. 1669ஆம் ஆண்டு நாட்காட்டியின் இறுதியில் சேர்த்திருந்த கூடுதல் மாதம் தவறென்று அவர் காட்ட, அதுவும் நீக்கப்பட்டு அடுத்த ஆண்டுக்கு மாற்றப்பட்டது. பேரரசின் பெயரில் வெளியான நாட்காட்டியிலிருந்து ஒரு மாதத்தையே எடுப்பது அந்நாளில் எவ்வளவு பெரிய ஒப்புதல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நம் இதழாசிரியர்களிடமும் பதிவு எழுதும் நண்பர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: இதைச் சூரிய சந்திர நாட்காட்டி என்று எழுதுங்கள். விலங்குகளைப் பற்றித் தாராளமாக எழுதலாம், தவறில்லை. கூடவே, இரண்டு கதிகளையும் இணைக்கும் அந்த வெறுமையான மாதத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

அடுத்த பெரிய சோதனையும் தொலைவில் இல்லை. 2033இல் ஏழாம் மாதத்துக்குப் பின் ஒரு மாதம் வெறுமையாக வருகிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில் கூடுதல் மாதம் என்று முன்பு பல நாட்காட்டிகள் அச்சிட்டுவிட்டன. 1990களில்தான் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு டிசம்பர் திருப்பங்களுக்கு இடையே பதின்மூன்று மாதம் இருந்தால் மட்டுமே கூடுதல் மாதம் உண்டு. அந்த இடைவெளியில் பன்னிரண்டுதான் இருக்கிறது. சரியான கூடுதல் மாதம் பதினோராம் மாதத்துக்குப் பின், 2033 டிசம்பர் 22 அன்று தொடங்குகிறது. அடுத்த புத்தாண்டு 2034 பிப்ரவரி 19. இதை ஆன்ட்டியிடம் சொன்னபோது, தேதியை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, காலண்டர் அட்டையின் பின்னால் செருகி வைத்துக்கொண்டார்.