94ஆம் இலக்கம்

ஒரு கையெழுத்துக்காக மகனோடு ஐந்தாவது தடவையும் அந்தக் கந்தோருக்குப் போனேன். காலி வீதி ஹோர்ன் சத்தமே தேவலை. உள்ளே ஒலிபெருக்கி மூன்று மொழியிலும் அலறுகிறது, ஒன்றிலும் விளங்கவில்லை. பழைய சோக் போட்ட ரியூப் லைட் நொடிக்கு 100 தடவை சிமிட்டுமாம். எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரிகிறது. காதையும் பொத்த வேண்டும், கண்ணையும் பொத்த வேண்டும், இருப்பதோ இரண்டே கை. பாவம், கதிரைக்கு அடியில் போய்ச் சுருண்டுவிட்டான்.

பக்கத்தில் இருந்த அம்மா சும்மா இருப்பாரா? "செல்லம் கூடிப்போச்சு தங்கச்சி, ரெண்டு போட்டால் சரியாகும்."

ஆட்டிசம் என்றேன்.

"பார்த்தால் தெரியவில்லையே!"

நெற்றியில் ஒட்டிக்கொண்டு வரவா?

அமைதியான ஒரு மூலை கேட்டேன். இருக்கிறதாம், பெரிய சேரின் ஏசி அறை. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்தது 1996இல். அவர்களின் உரிமைகளுக்கான ஐநா சமவாயத்தை ஏற்றது 2016இல். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைக்க எந்த ஆண்டு வர்த்தமானி வரும்? ஏப்ரல் 2, ஆட்டிசம் விழிப்புணர்வு தினம் வந்தால் மட்டும் நீலப் பலூன் கட்டுவார்கள். சரி, அதையும் பிள்ளைகளின் காதுக்குப் பக்கத்தில்தான் வெடிக்க வைப்பார்கள்.

என் இலக்கம் 94. 31ஐக் கூப்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.