கிடாருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

"பையனுக்குக் கிடார் வாங்கணும், ஐயாயிரம் போதுமா, ஐம்பதாயிரம் ஆகுமா?" தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி. வாசிப்பவர்களிடம் கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு மார்ட்டின், கிப்சன் மாதிரி விலை கூடின அமெரிக்கக் கம்பெனிக் கிடார் தவிர மற்றதெல்லாம் விறகு. இன்னொரு கட்சி, "எல்லாம் விரலில் இருக்கு, இருக்கிறதை வைத்து வாசி" என்று உபதேசிக்கும். உபதேசிப்பவர் வீட்டில் பெரும்பாலும் நாலு கிடார் இருக்கும், அது வேறு விஷயம்.

எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. விலையைப் பார்ப்பதற்கு முன் 12வது ஃப்ரெட்டைப் பாருங்கள்; ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பி. அதற்கு மேலே வாசிக்கிற கம்பி இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் விரல் சுகமாக அழுத்தும். மலிவுக் கிடார் பலவற்றில் அது நாலு மில்லிமீட்டருக்குக் குறையாது. அதில் ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற எஃப் கார்டு பிடிக்கச் சொன்னால் பிள்ளை ரெண்டு வாரத்தில் "எனக்கு வராது" என்று ஓரங்கட்டிவிடும். வராதது பிள்ளைக்கு இல்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவும் இல்லை. கிடார் உடம்பில் கம்பிகள் முடியும் பிரிட்ஜில், கம்பிகளைத் தாங்கி நிற்கும் சேடில் பட்டையைக் கழற்றி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். 12வது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க, சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். கை தெரிந்த ஆள் கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட் பட்டையின் காடிகளையும் அரத்தால் சீராக்கி, புதுக் கம்பி போட்டுக் கொடுத்தால் அதே கிடார் வேறு கிடார்.

குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மே வாசிப்பது, 1963இல் அவரும் அவர் அப்பாவும் வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிடார். கழுத்து பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம். சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோ கைப்பிடிக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். ஃப்ரெட் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான். மலிவுக் கட்சி இந்தக் கதையை விரும்பிச் சொல்லும். ஆனால் அப்பா எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர், ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, சோதித்துச் செய்திருக்கிறார்கள். பொருள்தான் மலிவு, வேலை மலிவில்லை.

மறுபக்கம், 2020இல் நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேனின் மார்ட்டின் கிடார் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த விலை மரத்துக்கா கொடுத்தார்கள்? தொட்டவருக்குக் கொடுத்தார்கள்.

விலை கூடினால் ஒலி கூடும் என்பதை மறுக்கவில்லை. முழு மரப் பலகை போட்ட கிடாரின் நாதம் தனிதான். ஆனால் சென்னை ஈரத்தில் அது உப்பும், ஏசி அறையில் சுருங்கும். பிளைவுட் முகப்பு வைத்த கிடார் இதையெல்லாம் பெரிதாகக் கண்டுகொள்ளாது. புதிதாகப் பழகுகிறவருக்கு இது லாபம்.

ஆகவே பத்தாயிரம் இருந்தால் எட்டாயிரத்துக்குக் கிடார் வாங்குங்கள். மீதியில் செட்டப் (மேலே சொன்ன சேடில், நட் வேலை), இரண்டு செட் கம்பி, சுருதி சேர்க்க ஒரு ட்யூனர். பையன் ஒரு வருஷம் தாண்டியும் விடாமல் வாசித்தால் அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள், விலை கூடின கிடார் பார்க்க நானே கடைக்கு வருகிறேன்.