ஒரே டேட்டாவுக்கு இரண்டு பக்கமும் காசு வாங்கலாமா?

கொஞ்ச நாளாக ஒரு கதை அடிக்கடி காதில் விழுகிறது. யூடியூப்பும் பேஸ்புக்கும் நெட்ஃபிளிக்ஸும் நம் இலங்கை நாட்டு வயரில் ஓடிக் கோடி கோடியாக உழைக்கின்றன, வயர் போட்ட கம்பனிக்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை, அவர்களிடம் கட்டணம் வாங்கினால் நமக்கு டேட்டா விலை குறையும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கிற படுவான்கரைக் கிராமங்களுக்கும் டவர் வரும் என்று. படித்த ஆட்கள், பொதுவேலையில் நிற்கிற நல்ல மனுசர்கள் சொல்கிறார்கள். கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. நான் இதை முழுதாக எதிர்க்கிறேன். ஏன் என்று கொஞ்சம் நீட்டித்தான் எழுதவேண்டும், பொறுமையாக வாசியுங்கள்.

யூடியூப் தானாக வந்து யாருடைய போனிலும் ஓடுவதில்லை. களுவாஞ்சிக்குடியில் ஏ.எல் படிக்கிற ஒரு பிள்ளை இரசாயனவியல் வகுப்பு வீடியோவைத் திறந்தால்தான் அந்த டேட்டா அங்கிருந்து புறப்படுகிறது. அதற்கு அந்தப் பிள்ளையின் தகப்பன் ரீலோட் போட்டுக் காசு கட்டியாயிற்று. டிக்கெட் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் மட்டக்களப்புச் சந்தைக்குப் போகிறோம் என்று வையுங்கள். பஸ்காரர் இறங்கிப்போய் மரக்கறிக் கடைக்காரரிடம் "உன் கடைக்குத்தானே ஆள் ஏற்றி வந்தேன், நீயும் ஒரு டிக்கெட் காசு தா" என்று கேட்டால் நாம் சும்மா இருப்போமா? கடைக்காரர் அதைக் கொடுத்தாலும் கத்தரிக்காய் விலையில்தான் அது ஏறும்.

சரி, உண்மையான செலவு எங்கே இருக்கிறது? கடலடிக் கேபிளில் இருக்கிறது. இவ்வளவு பெரிய கடல் நம் வாசலில் கிடந்தும் கிழக்குக் கரையில் ஒரு சர்வதேசக் கேபிளும் ஏறவில்லை. சீ-மீ-வீ 4 என்ற கேபிள் கொழும்பில் ஏறுகிறது, சீ-மீ-வீ 5 மாத்தறையில். அங்கிருந்து வெளியே போகிற டேட்டாவுக்கு, டிரான்சிட் என்ற பெயரில், நம் கம்பனிகள் பெரிய வெளிநாட்டு நிறுவனங்களுக்கு டொலரில் காசு கட்டுகின்றன. 2022 இல் ரூபாய் விழுந்தபோது நம் கம்பனிகளுக்கு அடி விழுந்தது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அடியையும் நாம்தான் ஏற்றுக்கொண்டோம், அந்த வருசமே கட்டணத்தைக் கூட்டினார்கள்.

இந்த டிரான்சிட் செலவைக் குறைக்க ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பற்றி இங்கே யாரும் கதைப்பதில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2012 இலிருந்து ஓப்பன் கனெக்ட் என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. போதுமான டிராஃபிக் உள்ள இன்டர்நெட் கம்பனிக்குத் தன் சேர்வர் பெட்டிகளை இலவசமாகக் கொடுக்கும். ஆட்கள் அதிகம் பார்க்கிற படங்களை இரவில் ஆள் குறைந்த நேரத்தில் அதில் நிரப்பி வைத்துவிடும். கூகுளும் பேஸ்புக்கும் இதே மாதிரிப் பெட்டிகள் வைக்கின்றன. ஒரு வீடியோ ஒருமுறை கடல் தாண்டி வந்தால் போதும், பிறகு ஆயிரம் பேர் பார்த்தாலும் அது நாட்டுக்குள்ளேயே சுற்றும். இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் காசு கேட்காமல் நேரடியாக இணைந்துகொள்கிற பியரிங் முறையும் உலகம் முழுக்க நடக்கிறது. ஆகவே "ஒரு சதமும் செலவழிப்பதில்லை" என்ற கதை சரியில்லை. அந்தப் பெட்டிகளுக்கும் இணைப்புகளுக்கும் அவர்களும் தங்கள் காசைச் செலவழிக்கிறார்கள்.

கட்டணம் வாங்கிப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது, தென்கொரியா. 2016 இல் அங்கே டேட்டாவை அனுப்புகிற நெற்வேர்க், வாங்குகிற நெற்வேர்க்குக்குக் காசு கட்டவேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். பிறகு அங்குள்ள இன்டர்நெட் கம்பனியான எஸ்கே புரோட்பாண்டும் நெட்ஃபிளிக்ஸும் வருசக்கணக்கில் கோர்ட்டில் நின்றன. 2021 இல் சியோல் நீதிமன்றம் நெட்ஃபிளிக்ஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, 2023 இல் இரண்டும் சமாதானமாகிக் கைகொடுத்துக்கொண்டன. பெரியவன் பெரியவனோடு பேசி முடித்துக்கொண்டான். டுவிச் என்ன ஆனது? கேம் விளையாடுகிற இளம் பிள்ளைகள் நேரலை செய்து உழைத்த தளம் அது. முதலில் வீடியோ தரத்தை 720p ஆகக் குறைத்தது, பிறகு மற்ற நாடுகளைவிடப் பத்து மடங்கு நெற்வேர்க் செலவு, தாங்க முடியாது என்று சொல்லி 2024 பெப்ரவரியில் அந்த நாட்டில் கடையையே மூடிவிட்டது. அங்கே தொழில் செய்த பிள்ளைகள் வேறு தளம் தேடி ஓடவேண்டி வந்தது. உலகத்திலேயே வேகமான இன்டர்நெட் உள்ள நாடுகளில் ஒன்றின் கதை இது.

ஐரோப்பாவிலும் பெரிய டெலிகொம் கம்பனிகள் இதைக் கேட்டன. அங்குள்ள ஒழுங்குபடுத்துநர்களின் அமைப்பான பெரெக் 2022 இல், இப்படி ஒரு கட்டணத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது. இந்தியாவில் மொபைல் கம்பனிகளின் சங்கம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அங்கிருந்துதான் கதை இங்கேயும் வருகிறது என்று நினைக்கிறேன்.

எனக்கு இதில் உண்மையாகவே பயம் தருவது சின்ன ஆட்களின் நிலை. பெரிய தளங்கள் எப்படியும் கட்டிவிடும். நாளைக்கு வந்தாறுமூலைக் கம்பசில், அதாவது கிழக்குப் பல்கலைக்கழகத்தில், படித்த நாலு பேர் சேர்ந்து தமிழில் ஒரு படிப்புத் தளம் தொடங்கி, அது வளர்ந்து வருகிற நேரத்தில் கட்டணம் கேட்டால் எங்கே போவார்கள்? இப்போதே பேஸ்புக் பெக்கேஜ், வட்ஸ்அப் பெக்கேஜ், யூடியூப் பெக்கேஜ் என்று தனித்தனியாக விற்று, பிள்ளைகளின் இன்டர்நெட் மூன்று அப்புக்குள் சுருங்கிப் போயிற்று. வட்ஸ்அப் குறூப்பில் ஆசிரியர் பரீட்சைத் திணைக்களத்தின் லிங்கைப் போட்டால் திறக்காது, அதற்கு வேறு டேட்டா வேண்டும். 2020 இல் கொரோனா நேரம் பல்கலைக்கழக மாணவர்கள் லேர்ன் என்ற பல்கலைக்கழகங்களுக்கான நெற்வேர்க் வழியாகப் படித்ததற்கு டேட்டாக் காசு எடுக்காமல் விட்டார்கள், நினைவிருக்கும். மனம் வைத்தால் பிள்ளைகளுக்காகச் செய்யலாம் என்பதை அப்போதே பார்த்துவிட்டோம்.

படுவான்கரைக்கு டவர் வரும் என்கிறார்களே, அதற்கு என்ன உத்தரவாதம்? நெட்ஃபிளிக்ஸிடம் வாங்கிய காசு கம்பனியின் கணக்கில்தான் விழும். வெல்லாவெளிக்கு உள்பக்கம் டவர் போட்டால் வருமானம் குறைவு, காசு கையில் இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. 2024 இல் இங்குள்ள எயார்டெலை டயலொக் வாங்கிய பிறகு நாட்டில் மொபைல் கம்பனிகளே மூன்றுதான். போட்டி குறைந்த இடத்தில், கூடுதல் வருமானம் வந்தது என்று விலையைக் குறைப்பார்கள் என நான் நம்பவில்லை.

டவர் வேண்டுமென்றால் டவரையே நேராகக் கேட்போம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சிக்னல் இல்லாத கிராமங்களுக்கு டவர் போட "கமட்ட சன்னிவேதனய" (கிராமத்துக்குத் தொடர்பாடல்) என்று ஒரு திட்டம் தொடங்கியது. அதில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, கிரான், அம்பாறைப் பக்கம் பொத்துவில், திருக்கோவில் உட்பகுதிகளுக்கு என்ன வந்தது, எது எந்த மாதம் வரும் என்று எழுத்தில் கேட்கவேண்டும். கம்பனிகள் எந்தத் தளத்தின் சேர்வர் பெட்டிகளை வைத்திருக்கின்றன என்பதையும் ஆணைக்குழு வெளியே சொல்லட்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதை எடுக்க எம்பிமார் தயாரென்றால் விபரம் சேர்த்துக் கொடுக்க நான் தயார். உங்கள் ஊரில் சிக்னல் விழாத இடங்களின் பெயரை, கிராம சேவகர் பிரிவோடு சேர்த்துக் கீழே எழுதுங்கள்.