ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள், கணக்கைச் சொல்லுங்கள்

தீப்பெட்டி முதலாளி ஒருவர் பேசிய அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேசியவர் பெயரை எழுதப் போவதில்லை. நம்ம பக்கத்துக்காரர், வயதில் மூத்த அண்ணாச்சி, நாலு பேருக்கு நல்லது செய்தவர். ஆனால் தன் தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலையை நம்ம பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்) எந்திரம் போட்டதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. "பொம்பளைகளுக்கு உடம்பு வணங்க மாட்டேங்குது. நூறு நாள் வேலையில் மரத்தடியில் உட்கார்ந்து பழகிட்டாங்க. அதான் மெஷின் போட்டேன்." கீழே வரிசையாகக் கைதட்டல் எமோஜிகள். கைதட்டியவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஒரு காலத்தில் பெட்டி ஒட்டித்தான் அடுப்பு எரிந்தது. அதுதான் அதிகமாக வலிக்கிறது.

எந்திரம் போட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எப்படியும் கமெண்டில் அதைத்தான் கேட்பீர்கள். எந்திரம் போடட்டும். காரணத்தை மட்டும் உண்மையாகச் சொல்லட்டும். ஒரு முதலாளி ஆளை வைப்பதும் எந்திரம் வாங்குவதும் எது மலிவு என்ற கணக்கில்தான். கூலியில் போடும் கடைசி ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை பண்டல் வருகிறது, அதே ஆயிரத்தை எந்திரத்தில் போட்டால் எத்தனை வருகிறது என்று பார்ப்பார். எதில் கூட வருகிறதோ அந்தப் பக்கம் சாய்வார். தொழில் செய்கிறவர் அப்படித்தான் செய்வார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் பெண்களின் உடம்பு வணங்குவது எங்கே வந்தது?

ஒரு பேச்சுக்குப் போட்டுப் பார்ப்போம். எந்திரம் 30 லட்சம். வங்கி வட்டி 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். பத்து வருடம் உழைக்கும் என்றால் தேய்மானம் வருடத்துக்கு 3 லட்சம். ஆக 6 லட்சத்து 60 ஆயிரம். கரண்ட், மெக்கானிக் செலவை விட்டுவிடுங்கள். அந்த எந்திரம் பத்துப் பெண்களின் வேலையைச் செய்கிறது, ஒருவருக்கு நாள் கூலி 250 ரூபாய், வருடத்தில் 250 நாள் வேலை என்று வையுங்கள். மொத்தக் கூலி 6 லட்சத்து 25 ஆயிரம். ஆள்தான் மலிவு. அண்ணாச்சி எந்திரம் வாங்க மாட்டார். இப்போது அரசு எந்திரத்துக்கு 25 சதவீத மானியம் தருகிறது என்று வையுங்கள். (தமிழ்நாட்டில் தகுதியுள்ள சிறுதொழில்களுக்கு அந்த அளவில் முதலீட்டு மானியம் உண்டு.) அவர் கைக்காசும் கடனும் சேர்ந்து 22 லட்சத்து 50 ஆயிரம்தான். வருடச் செலவு 4 லட்சத்து 95 ஆயிரமாக இறங்கிவிடும். மறுநாளே எந்திரம் வந்து இறங்கும்.

இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் அந்தப் பத்துப் பெண்களும் என்ன மாறினார்கள்? அதே கை, அதே வேகம், அதே 250 ரூபாய். மாறியது எந்திரத்தின் விலை மட்டும்தான்.

நூறு நாள் வேலையைப் பேசுகிறார்கள். அது சட்டமானது 2005இல். தீப்பெட்டி செய்ய எந்திரம் இந்தியாவுக்கு எப்போது வந்தது? 1920களில். ஸ்வீடன்காரர்களின் விம்கோ அப்போதே எந்திரத்தில் தீப்பெட்டி செய்தது. சென்னை மெட்ரோவில் விம்கோ நகர் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே, அந்தப் பெயர் அந்த ஆலையால் வந்ததுதான். அதே காலத்தில்தான் சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். சிவகாசியில் அது கைத்தொழிலாகப் பரவியது. ஒரே தீக்குச்சி. ஒருவர் எந்திரத்தில் செய்தார், ஒருவர் கையால் செய்தார், இரண்டும் விற்றது. ஸ்வீடன் கம்பெனிக்கு எந்திரமும் முதலும் சுலபமாகக் கிடைத்தன. நம் கரிசல் பூமியில் மழை பொய்த்தால் வேறு வேலை கிடையாது, அதனால் ஆள் மலிவு. அந்த மலிவில்தான் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை எல்லாம் தீப்பெட்டி ஊராயின. அன்றைக்கு யாரும் நம் பெண்களின் சுறுசுறுப்பைப் பாராட்டி வேலை கொடுக்கவில்லை. இன்றைக்கு மட்டும் ஏன் சோம்பேறிப் பட்டம்?

அப்புறம் வரி. கையால் செய்யும் தீப்பெட்டிக்குக் கலால் வரி ரொம்ப காலம் குறைவாகவே இருந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. கைத்தீப்பெட்டி என்றால் என்ன என்று அரசாணையிலேயே விளக்கம் இருந்தது: கட்டை அடுக்குவது (குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகுவது), மருந்தில் முக்குவது, பெட்டியில் அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பேக்கிங், இவற்றில் எதற்கும் மின்சாரம் பயன்படக் கூடாது. அதாவது எந்தப் பெண்ணின் வேலைக்குப் பதிலாக மோட்டார் ஓடலாம் என்பதை ஒரு அரசாணை எழுதி வைத்திருந்தது. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 சதவீதம் என்று ஒன்றாக்கினார்கள். கையால் செய்கிறவருக்கு 7 ஏறியது, எந்திரக்காரருக்கு 6 இறங்கியது. நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. ஆனால் அதற்கு அடுத்த மாதம் ஒரு ஆபீஸில் எந்திரம் வாங்க யோசித்தால் காரணம் டெல்லியில் இருக்கிறதா, நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரையில் இருக்கிறதா?

எங்கள் வீட்டுக் கதையும் இதில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கோபம். அம்மா கட்டை அடுக்கியவர். கட்டை என்றால் தெரியாதவர்களுக்கு: வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மரச்சட்டம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி உட்கார வேண்டும், ஒன்றை ஒன்று தொடக் கூடாது, தொட்டால் மருந்தில் முக்கும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அம்மா கட்டையைப் பார்க்கவே மாட்டார். எங்களோடு பேசிக்கொண்டே விரல் மட்டும் ஓடும். கட்டைக்கு இத்தனை பைசா என்று கணக்கு. ராத்திரி சோறு பிசையும்போது விரல் நுனி எரியும், அதனால் ரசத்தில் காரம் குறைத்தே வைப்பார். ஊருக்கே அது தெரிந்த விஷயம், எந்த வீட்டிலும் அப்படித்தான். அம்மாவுக்கு வேலை கொடுத்த ஆபீஸில் கட்டை அடுக்கும் எந்திரம் வந்த பிறகு அம்மாவைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். வேலை இல்லை என்று நேராகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. "உங்க கட்டையில் இப்பல்லாம் கழிவு ஜாஸ்தி" என்று கணக்குப்பிள்ளை சொன்னார். அம்மா அதை நம்பிவிட்டார். கை சரியில்லையோ, கண் போய்விட்டதோ என்று கண்ணாஸ்பத்திரிக்குப் போனார். எனக்கு இந்த வீடியோ ஏன் பொறுக்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். "நிஜமாகவே ஆள் கிடைக்கவில்லையே, நீ வந்து ஆபீஸ் நடத்திப் பார்." ஆள் கிடைக்கவில்லை என்பது பாதி வாக்கியம். இந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று முடியுங்கள். பெண்கள் நூற்பாலைக்குப் போகிறார்கள், ஜவுளிக்கடைக்குப் போகிறார்கள். ஆறு மணிக்கு பஸ் ஏறிப் போகிறவர்களைச் சோம்பேறி என்று எந்த நாக்கால் சொல்வது?

"நூறு நாள் வேலை வந்ததால் கூலி ஏறியது உண்மைதானே?" உண்மைதான், ஓரளவு. ஏறினால் என்ன? மரத்தடி வேலைக்குக் கிடைக்கும் கூலியைவிட மருந்து வாடைக்குள் உட்காரும் வேலைக்குக் கூடக் கேட்பது நியாயம். அதைக் கொடுக்க முடியவில்லை, எந்திரம் கட்டுப்படியாகிறது என்றால், அதை அப்படியே சொல்லுங்கள். அது கணக்கு. உடம்பு வணங்கவில்லை என்பது அவமானம்.

"சின்ன முதலாளி என்ன செய்வார்?" தெரியும். தீக்குச்சி மருந்துக்கான குளோரேட்டு, மெழுகு, அட்டை எல்லாம் ஏறுகிறது, சில்லறை விலையோ லேசில் ஏறுவதில்லை. ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாயாக 14 வருடம் ஆனது, 2021 டிசம்பரில்தான் ஏற்றினார்கள். லைட்டர் வேறு போட்டிக்கு வந்தது. அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கஷ்டத்துக்காக டெல்லிக்கு மனு போகிறது, அமைச்சரைப் பார்க்கிறார்கள், பேட்டி கொடுக்கிறார்கள். கட்டை அடுக்கியவர்களுக்காக யார் மனு போட்டது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலருக்குப் பிடிக்காது. நம் பக்கத்தில் ஆள் மலிவாக இருந்ததில் பிள்ளைகளின் கையும் உண்டு. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், பிள்ளையை வேலைக்கு வைத்தால் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டச் சொன்னது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். மலிவான கை குறைந்தது. எந்திரத்தைத் தேட அதுவும் ஒரு காரணம். அந்தப் பிள்ளைகள் படித்ததால் ஆள் குறைந்தது என்றால் அதைவிடச் சந்தோஷமான ஆள் பற்றாக்குறை எனக்குத் தெரியாது. நானும் அப்படிக் குறைந்த ஆள்தான்.

எந்திரம் வாங்கினால் அதற்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், மானியம் கேட்கலாம், வருடாவருடம் தேய்மானம் எழுதலாம். முப்பது வருடம் கட்டை அடுக்கிய விரலுக்கு எந்தப் பேரேட்டில் தேய்மானம் எழுதினார்கள்? வீட்டில் வைத்து வேலை வாங்கியதால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. முதலாளி பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று கட்டியிருக்க வேண்டிய பணமும் அந்த மலிவுக்குள்தான் போனது.

இன்னும் சந்தேகம் இருக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். நூறு நாள் வேலைக் கூலியைவிட நூறு ரூபாய் கூட்டி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்து, ஊரிலிருந்து வேன் விட்டு, ஆபீஸ் வாசலில் ஒரு மாதம் போர்டு வையுங்கள். எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்று எண்ணி இங்கே கமெண்டில் போடுங்கள். எங்கள் தெருவிலிருந்து முதல் வேனுக்கு ஆள் சேர்ப்பது என் பொறுப்பு.