அம்மாவுக்காகப் படிப்பதும் சொந்த ஆசைதான்

"அம்மாவுக்காகத்தான் படிக்கிறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், நம்மில் பலர் உடனே திருத்தப் பார்க்கிறோம். "அது அவங்க ஆசை, உனக்கு என்ன வேணும்?" சிங்கப்பூரில் துணைப்பாட வகுப்பில் தொண்டூழியம் செய்யும் எனக்கு இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

தன்னைத் தனி ஆளாகக் காண்பவருக்கும் உறவுகளோடு சேர்த்தே தன்னைக் காண்பவருக்கும் ஊக்கம் பிறக்கும் இடம் வேறுவேறு என்று உளவியலாளர்கள் ஹேசல் மார்கஸும் ஷினோபு கிடயாமாவும் 1991-இலேயே எழுதிவிட்டார்கள். 1999-இல் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. அமெரிக்காவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் எழுத்துகளை மாற்றியடுக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்த புதிரில் சிறப்பாகச் செய்தார்கள். ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகளோ, "இது உன் அம்மா தேர்ந்தெடுத்தது" என்று கேட்டபோதுதான் மற்ற எல்லா நேரத்தையும்விட நன்றாகச் செய்தார்கள்.

பலர் இதோடு நிறுத்திவிட்டு, "பார்த்தீங்களா, பெத்தவங்க சொன்னா கேட்கணும்" என்பார்கள். ஆனால் அதே பிள்ளைகளுக்கு ஆய்வாளர், அதாவது முன்பின் தெரியாத ஒருவர், தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோது ஊக்கம் விழுந்துவிட்டது. அப்படியென்றால் அவர்களை ஓட வைத்தது கட்டளை இல்லை, நெருக்கம்.

நம் வீடுகளில் கோட்டை விடுவது இங்கேதான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-இல் மொத்த மதிப்பெண் 4-இலிருந்து 32 வரை, குறைந்தால் நல்லது. முடிவு வந்த அன்று, "உன் அத்தை மகன் எட்டு எடுத்தான், நீ ஏன் பதினாறு?" என்று கேட்கிற நிமிடத்தில் அம்மாவே அந்த முன்பின் தெரியாத ஆளாகிவிடுகிறார். ஆசை வைத்ததில் தப்பே இல்லை. பிள்ளை அந்த ஆசைக்குள் தனக்கும் இடம் இருப்பதாக உணரவில்லை, அதுதான் வலி.

சிங்கப்பூர் அரசாங்கம் 1991-இல் வெள்ளை அறிக்கை என்னும் கொள்கை ஆவணத்தில் முன்வைத்த பொது விழுமியங்கள் குடும்பத்தைச் சமூகத்தின் அடிப்படை என்கின்றன. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. அந்த அடிப்படை வெள்ளை அறிக்கையால் உறுதிப்படாது, சாப்பாட்டு மேசையில் பேசும் பேச்சால்தான் உறுதிப்படும்.

ஆகவே சக தொண்டூழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பிள்ளை அம்மா பெயரைச் சொன்னால் மறுக்காதீர்கள். "அம்மா ஏன் அப்படி ஆசைப்படுறாங்க, உன்கிட்ட சொல்லியிருக்காங்களா?" என்று கேளுங்கள். சொன்னதில்லை என்றால், இன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.