நான்காவது நட்டு

(கோலாலம்பூர், செந்தூல். சனிக்கிழமை காலை 11 மணி. ஒரு பட்டறையில் வெள்ளை மைவி கார் ஜாக்கின் மேல் நிற்கிறது. பின்பக்கம் சுவரை ஒட்டியிருக்கிறது, முன் சக்கரங்கள் இரண்டும் தரையில் கிடக்கின்றன. பட்டறைக்காரர் மணியத்துக்கு வயது 52, வட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் ஃபோர்மேன் அண்ணன். காருக்குச் சொந்தக்காரன் சுரேன், வயது 28, கெப்போங்கிலிருந்து வந்திருக்கிறான். ஃபோர்மேன் ஒரு கொட்டாவி விடுகிறார். அதற்குள் ஒரு எண்ணெய் ஃபில்டரை மாட்டிவிடலாம்.)

சுரேன்: அண்ணே, கண் இரண்டும் இப்படிச் சிவந்திருக்கிறதே. ராத்திரி தூங்கினீர்களா இல்லையா?

மணியம்: எங்கே தூங்க விட்டார்கள்? விடிய விடியச் சண்டை.

சுரேன்: அண்ணியோடா?

மணியம்: அண்ணியோடு என்றால் 5 நிமிடத்தில் தோற்றுவிட்டுப் போய்ப் படுத்திருப்பேனே. இது ஷாங்காயில் சண்டை.

சுரேன்: (ஜாக்கைப் பார்க்கிறான், ஃபோர்மேனைப் பார்க்கிறான்) அண்ணே, நீங்கள் கையில் வைத்திருப்பது என் பிரேக்.

மணியம்: தெரியும் லா. 30 வருடமாகப் பிரேக் மாட்டுகிறேன், கண்ணை மூடிக்கொண்டே மாட்டுவேன்.

சுரேன்: தயவுசெய்து திறந்துகொண்டு மாட்டுங்கள்.

மணியம்: மகன் படிக்கப் போய்விட்டான். அவனுடைய கேம் மெஷின், பிளேஸ்டேஷன் 4, டிவிக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. ஓட்டாத வண்டியை அப்படியே போட்டு வைத்தால் என்ன ஆகும்? பேட்டரி போய்விடும். அந்த அக்கறையில்தான் ஒரு நாள் முடுக்கிப் பார்த்தேன். உள்ளே பேட்டில்ஃபீல்ட் 4 இருந்தது.

சுரேன்: (திடுக்கிட்டு) பேட்டில்ஃபீல்ட் 4-ஆ? அது 2013-ல் வந்த போர் கேம் ஆயிற்றே. இன்னும் யார் ஆடுகிறார்கள்?

மணியம்: ஏன், என் ஸ்பேனர் செட் அதைவிடக் கிழடு. அதில்தான் உன் வண்டியைக் கழற்றியிருக்கிறேன்.

சுரேன்: சரி, தனியாக ஆடுகிற கதையை ஆடினீர்களா, ஆன்லைனில் ஆடினீர்களா?

மணியம்: ஒழுங்கான ஆள் முதல் பக்கத்திலிருந்துதானே படிப்பான்? கதையில் ஆரம்பித்தேன். எடுத்த எடுப்பிலேயே எனக்கு மனசு விட்டுப்போயிற்று. பாகு நகரத்தில் ஒரு கார் கடலுக்குள் மூழ்குகிறது. உள்ளே நம் ஆட்கள். முன் கண்ணாடியைத் துப்பாக்கியால் சுட்டு உடை என்கிறார்கள். முன் கண்ணாடியை! அதன் விலை தெரியுமா அவர்களுக்கு?

சுரேன்: உயிர் போகிற நேரத்தில் விலை பார்ப்பார்களா அண்ணே?

மணியம்: இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தனியாகக் கவர் எடுத்திருந்தால் சரிதான். எடுத்த மாதிரி தெரியவில்லை. அப்புறம் அந்த ஹீரோ. பெயர் ரெக்கர். பாவம், ஊமை.

சுரேன்: ஊமை இல்லை. வேண்டுமென்றே பேசாமல் விட்டிருக்கிறார்கள். ரெக்கர் வேறு யாரும் இல்லை, நாம்தான் என்று ஆடுகிறவருக்குத் தோன்ற வேண்டுமாம்.

மணியம்: என்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். ஒருத்தன் என் முகத்துக்கு நேரே நின்று ரெக்கர் இங்கே வா, ரெக்கர் அங்கே போ என்று கத்துகிறான், நான் பேசாமல் கதவைத் திறந்துவிட வேண்டுமாம். அந்த ஐரிஷ் என்கிறவனுக்கு வாயே ஓயாது. திருப்பி ஒரு வார்த்தை கேட்க எனக்கு வழியில்லை. கல்யாணம் ஆகி 24 வருடம். இந்த அனுபவத்துக்குத் தனியாக ஒரு மெஷின் வேண்டுமா?

சுரேன்: எதிரிகள் எப்படி? பயமாக இருந்ததா?

மணியம்: எதிரிகளா? எல்லாம் மாநகராட்சி ஆள் வந்தால் மட்டும் துடைப்பத்தைக் கையில் எடுக்கிற ரகம். நான் ஒரு மூலையைத் தாண்டினால் எழுந்து சுடுகிறார்கள். தாண்டாவிட்டால் ஒன்றும் இல்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு சுவருக்குப் பின்னால் நின்றுவிட்டு, அடுப்படிக்குப் போய்த் தே ஓ கலக்கிக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் உலகப் போர் எனக்காக அப்படியே காத்துக்கொண்டிருந்தது தம்பி. என் வீட்டில் சோறுகூட அப்படிக் காத்திருந்தது இல்லை.

சுரேன்: சிங்கப்பூர் கட்டம் வந்ததா?

மணியம்: அது ஒன்றுதான் ஆறுதல். ஜோகூர் பாலத்தில் ஜாம் இல்லாமல், பாஸ்போர்ட்டில் சாப்பா இல்லாமல் சிங்கப்பூருக்குள் போன முதல் மலேசியன் நான்தான்.

சுரேன்: அதில் ஒரு புயல் அடிக்குமே. சிங்கப்பூருக்குப் புயலா என்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

மணியம்: சிரிக்காதே. 2001 டிசம்பரில் வாமெய் புயல் ஜோகூரில் கரை ஏறியது. நீ அப்போது தடிக்கா பாலர் பள்ளிக்குப் போகலாமா வேண்டாமா என்று அழுதுகொண்டிருந்திருப்பாய். அந்தக் கேம்காரர்களிடம் புயல் தப்பில்லை, கதைதான் தப்பு. கூடவே ஓடுகிறவர்கள் மழை மாதிரிச் சுடுகிறார்கள், ஒருத்தனும் விழுவதில்லை. கடைசியில் நான் சுட்டால்தான் விழுகிறான். முதலாளி வந்து தொட்டால்தான் நட்டு கழறும் என்று நிற்கிற என் பட்டறைப் பையன்களேதான்.

சுரேன்: முழுக்க முடித்தீர்களா?

மணியம்: மொத்தம் 7 கட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன், இரவுச் சோற்றுக்கு முன்னால் முடிந்துவிட்டது. மீதி எங்கே என்று டிஸ்க்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் என் முகம்தான் தெரிந்தது.

சுரேன்: முடிவில் யாரை அனுப்பினீர்கள்? ஐரிஷையா, ஹன்னாவையா?

மணியம்: அதைக் கேட்காதே. நம் கப்பலைக் காப்பாற்ற இரண்டு பேரில் ஒருத்தர் சாக வேண்டும், யார் என்று நீ சொல் என்கிறார்கள். ஐரிஷ் வாயாடிதான், ஆனால் கூடவே ஓடி வந்தவன். அந்தப் பெண்ணைப் பார்த்தால் என் தங்கச்சி மகள் ஞாபகம். சரி, யோசித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். நேரம் முடிந்து கப்பலே போய்விட்டது! எல்லாரும் போனார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர். அப்போது திரையில் என்ன வருகிறது தெரியுமா? ஒரு துப்பாக்கி பரிசு. சாவு வீட்டில் அண்டா கொடுத்து அனுப்புகிற மாதிரி.

சுரேன்: ஆமாம் அண்ணே. மூன்று முடிவு, மூன்றுக்கும் வேறு வேறு துப்பாக்கி. மூன்றும் வேண்டும் என்றால் கடைசிக் கட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடி, ஒரு தடவை அவனைச் சாகவிட்டு, ஒரு தடவை அவளைச் சாகவிட்டு வாங்க வேண்டும். நான் ஒரே ராத்திரியில் மூன்றையும் வாங்கினேன்.

மணியம்: பாவி. (யோசித்து) அது சரி, கதை முடிந்த பிறகு துப்பாக்கி எதற்கு?

சுரேன்: ஆன்லைனில் சுடத்தான். அங்கேதான் விஷயமே இருக்கிறது. மைவிக்குப் பின்னால் சில பேர் பெரிதாக ஒரு ஸ்பாய்லர் மாட்டுவார்கள் இல்லையா? இந்தக் கேமில் கதை அந்த ஸ்பாய்லர். எஞ்சின் ஆன்லைன்தான். 2002-ல் வந்த முதல் கேம், பேட்டில்ஃபீல்ட் 1942, அதிலேயே 64 பேர் கூடி ஆடுகிற கூத்துதான். தனியாக உட்கார்ந்தால் அதே மைதானத்தில் மனிதனுக்குப் பதிலாகக் கணினி ஆட்களை இறக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். ரெக்கர், ஐரிஷ் மாதிரிக் கதையெல்லாம் பிற்பாடு மாட்டியது.

மணியம்: ஸ்பாய்லரைக் கழற்றிவிட்டு விற்கலாமே? விலையாவது குறையும்.

சுரேன்: கழற்றிப் பார்த்தார்கள். 2021-ல் வந்த பேட்டில்ஃபீல்ட் 2042-இல் கதை கிடையாது, 128 பேர் ஒரே மைதானத்தில். அதற்கும் ஆரம்பத்தில் செமத்தியாகத் திட்டு விழுந்தது. 2025-ல் வந்ததில் மறுபடியும் கதையை மாட்டிவிட்டார்கள்.

மணியம்: அப்படியென்றால் நல்ல கதை வைக்கவே முடியாதா?

சுரேன்: ஏன் முடியாது? டைட்டன்ஃபால் என்று ஒரு கேம். முதல் பாகத்தில் ஆன்லைன் மட்டும்தான். 2016-ல் இரண்டாம் பாகத்துக்குத் தனிக் கதை வைத்தார்கள், அபாரம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அதை வெளியிட்ட அதே கம்பெனி அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் பேட்டில்ஃபீல்ட் 1-ஐ இறக்கியது, அடுத்த வாரம் போட்டிக் கம்பெனியின் கால் ஆஃப் டியூட்டி இறங்கியது.

மணியம்: நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கியதாக்கும். ஒரே முதலாளி தன் நாசி லெமாக் கடைக்குப் பக்கத்திலேயே இன்னொரு நாசி லெமாக் கடை போட்ட கதை. சரி, அந்த 12-ஆம் நம்பர் ஸ்பேனரை எடு.

சுரேன்: (எடுத்துக் கொடுத்து) ஆன்லைனுக்குப் போனீர்களா?

மணியம்: போகவிட்டால்தானே? வாசலிலேயே சந்தா கட்டு என்றான். பெயர் பிளேஸ்டேஷன் பிளஸ். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈப்போ போக பிளஸ் நெடுஞ்சாலைக்கு டோல், ஷாங்காய் போகவும் பிளஸுக்கு டோல். மலேசியனுக்குத் தலையில் எழுதியிருக்கிறது. கட்டிவிட்டு உள்ளே போனேன். பிறந்தேன். செத்தேன்.

சுரேன்: அவ்வளவு சீக்கிரமா?

மணியம்: எந்தப் பக்கம் சுட்டான், யார் சுட்டான், ஒன்றும் தெரியாது. ஏழு பிறவி என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். எனக்கு ஒரு ஆட்டத்தில் 27. இங்கே தே ஓ கலக்கப் போனால் யாரும் காத்திருப்பதில்லை, திரும்பி வந்தால் பிணமாகக் கிடக்கிறேன். காதில் மாட்டுகிற மைக்கில் ஒரு பொடியன் ‘அபா நி, அங்கிள்!’ என்று கத்துகிறான்.

சுரேன்: மலாயில் திட்டியிருக்கிறான், என்ன இது என்று.

மணியம்: அது எனக்குத் தெரியாதா? ஆனால் தூக்கக் கலக்கத்தில் ‘அப்பா நீ’ என்று விழுந்தது தம்பி. மகன் போன் பண்ணி மூன்று வாரம் ஆகிறது. கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

(சற்று நேரம் ஸ்பேனர் சத்தம் மட்டும்.)

மணியம்: அப்புறம்தான் கண்டுபிடித்தேன், அதில் எஞ்சினியர் என்று ஒரு ஆள் இருக்கிறான். அவன் கையில் கேஸ் வெல்டிங் டார்ச் மாதிரி ஒன்று. அடிபட்ட டாங்கியின் பக்கத்தில் போய் அதைப் பிடித்தால் வண்டி சரியாகிவிடுகிறது. பார்ட்ஸ் வேண்டாம், சப்ளையருக்குப் போன் பண்ண வேண்டாம், நாளைக்கு வரும் என்று பொய் சொல்ல வேண்டாம். அட கடவுளே, இப்படி ஒரு தொழில் இருக்கிறதா! என் தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். ரத்தம் சும்மா இருக்குமா? அதற்குப் பிறகு நான் ஒருத்தனையும் சுடவில்லை. எங்கே புகை வருகிறதோ அங்கே ஓடுவேன். ஆட்டம் முடிந்து பார்த்தால் என் அணியில் 3-ஆம் இடம்.

சுரேன்: ஒருவரையும் கொல்லாமலா?

மணியம்: கொல்வதற்கு 30 பேர் இருக்கிறார்கள், ரிப்பேர் பார்க்க ஆள் இல்லை. கோலாலம்பூரிலும் இதே நிலைமைதான். ஆனால் நேற்று ராத்திரி ஒருத்தன் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டான். ஷாங்காய் நடுவில் ஒரு பெரிய கட்டடம் இருக்கும், தெரியும்தானே?

சுரேன்: (குரல் இறங்கி) அடியில் இருக்கிற 4 தூணையும் உடைத்தால் மொத்தமாகச் சரியும்.

மணியம்: அதன் கீழே ஒரு டாங்கி புகைந்துகொண்டிருந்தது. நான் பின்னால் குனிந்து டார்ச்சைப் பிடித்துப் பாதி வேலை முடித்துவிட்டேன். கட்டடம் சரிகிறது. ஏறிக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? டாங்கிக்காரன் ஒரே மிதி, கொஸ்தான் எடுத்துப் பின்பக்கமாகவே ஓடிவிட்டான்! வெட்டவெளியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நான், என் தலைமேல் 30, 40 மாடி. நன்றி இல்லை, காசு இல்லை, உயிரும் இல்லை.

சுரேன்: (நெற்றியைத் துடைக்கிறான்) சின்னப் பையனாக இருப்பான் அண்ணே. பதற்றத்தில் ஓடியிருப்பான். கட்டடம் விழும்போது யாருக்கு யோசனை வரும்?

மணியம்: பெயர் பார்த்து வைத்திருக்கிறேன். கெப்போங் புலி.

(சுரேன் மெதுவாக நடந்து காருக்கும் சுவருக்கும் நடுவே, பின் கண்ணாடியை முதுகால் மறைத்து நிற்கிறான். அந்தச் சந்தில் ஒரு பூனை நிற்கவே இடம் போதாது.)

மணியம்: அங்கே என்ன தம்பி செய்கிறாய்?

சுரேன்: இங்கே நல்ல காற்று அண்ணே.

மணியம்: சுவரிலிருந்தா?

சுரேன்: கெப்போங் பெரிய ஊர் அண்ணே, அங்கே எத்தனையோ பேர். பிரேக் முடிந்ததா? 180 வெள்ளி என்றீர்கள், 200 தருகிறேன், மீதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மணியம்: (சக்கரத்தைத் தூக்கி மாட்டிக்கொண்டே) காலையில் நீ வண்டியை உள்ளே விட்டபோது பின்னால் நின்று கொஸ்தான், கொஸ்தான் என்று கை காட்டியது யார்?

சுரேன்: ...நீங்கள்தான்.

மணியம்: பின் கண்ணாடியில் முழ நீளத்துக்குப் புலிப் படம் போட்டு, அதற்குக் கீழே பெயரும் ஒட்டி வைத்திருக்கிறாய். நான் கண்ணில்லாதவனா?

சுரேன்: அப்போதே தெரியுமா? தெரிந்துமா என் பிரேக்கைக் கழற்றினீர்கள்?

மணியம்: தெரிந்ததால்தான் பையன்களிடம் விடாமல் நானே உட்கார்ந்தேன். பேட் புதுசு, எண்ணெய் புதுசு, டிஸ்க்கும் கடைந்தாயிற்று. பாதி வேலையில் விட்டுவிட்டு ஓடுகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. வெளியே வா, முதுகெல்லாம் சுண்ணாம்பு.

சுரேன்: (வெளியே வந்து) மன்னித்துவிடுங்கள் அண்ணே. இன்றைக்கு ராத்திரி வந்து நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

மணியம்: 10 மணி. ஷாங்காய். டாங்கியை நான் ஓட்டுகிறேன். நீ பின்னால் குனிந்து டார்ச் பிடி.

சுரேன்: எனக்கு ரிப்பேர் ஒன்றும் வராதே அண்ணே. இத்தனை வருடம் ஓட்டத்தான் தெரியும்.

மணியம்: (ஸ்பேனரை நீட்டுகிறார்) மூன்று நட்டு நான் இறுக்கிவிட்டேன். நான்காவது உன்னுடையது. குனி.